பல சரக்கும் ஒரு கல்லாவும்

வியாபாரிகளாகிய நம்மவரைப் பற்றி வெளியார் சொல்லும் குறை ஒன்றுண்டு. கடை, கல்லா, கணக்கு என்ற மூன்றையும் விட்டால் இவர்களுக்கு நான்காவதாக ஒன்றும் தெரியாது என்பார்கள். அந்தக் குறை யாருக்குப் பொருந்துமோ அறியோம், நமக்குப் பொருந்தாது. நம்மைப் பிடித்திருக்கும் நோய் அதற்கு நேர்மாறானது. காலையில் ஒரு காரியத்தின் மேல் ஆசை, மாலையில் வேறொன்றின் மேல் ஆசை. தொடங்கும்போது இருக்கும் மும்முரத்தைப் பார்த்தால் உலகமே இதில்தான் அடங்கியிருக்கிறது என்று தோன்றும். மூன்றாம் மாதம் வந்து பார்த்தால் அந்தக் காரியம் மூலையில் கிடக்கும். இன்று நமக்கு வயது 46. இந்த வயதுக்குள் நாம் தொடங்கிப் பாதியில் நிறுத்தியவற்றை வரிசையாக நிறுத்தினால், பலகை போட்டு மூடிய கடைகள் நிறைந்த ஒரு தெருவே உண்டாகிவிடும்.

நமது கடை பினாங்கில் ஒரு பலசரக்குக் கடை. மேல்மாடியில் சாமான் கிட்டங்கி. அந்தக் கிட்டங்கியில் மல்லி மூட்டைக்கும் சோம்பு மூட்டைக்கும் நடுவே நமது ஆசைகளின் கிட்டங்கியும் இருக்கிறது. கைக்கடிகாரம் பழுது பார்ப்பதற்கான சிறு ஆயுதங்கள் ஒரு பெட்டி. அதனுள்ளே நாம் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விட்ட கடிகாரங்கள் 3. அரபு எழுத்தணி பழகுவதற்கென்று வாங்கிய நாணற்பேனாக்கள். சீனம் பேசப் பழகும் பாடப் புத்தகம் ஒன்று. 4-ஆவது பாடம் வரை பென்சில் கோடுகள், அதற்கு மேல் அச்சகத்திலிருந்து வந்தபடியே புத்தம் புதிது. வெண்பா இலக்கணம் ஒன்று. அரபு இலக்கண நூல்கள் இரண்டு. மொட்டை மாடியில் மண் தொட்டிகள் 12. அவற்றில் உயிரோடிருப்பது ஒரேயொரு கறிவேப்பிலைச் செடி. அதுவும் நம்மால் அன்று, நமது மனைவியார் தண்ணீர் ஊற்றுவதால்.

காலஞ்சென்ற நமது அத்தா அவர்கள் நம்மைப் பற்றி வருந்திச் சொன்ன சொல் ஒன்று இன்னும் காதில் இருக்கிறது. “பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்” என்பார்கள். அவர்கள் ஒரே முக்காலியில் அமர்ந்து, ஒரே கல்லாவைக் காத்து, தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் தவிர எழாமல் ஆயுளைக் கழித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் சொன்ன பழமொழியில் குற்றம் காண நமக்குத் தகுதியில்லை. ஆனாலும் மனத்தில் ஒரு கேள்வி. முதலில் கண்ணில் பட்ட மரத்தையே வெட்டி, அது உள்ளே உளுத்துப் போனதென்று வீட்டுக்கு வந்த பிறகு கண்டுகொண்ட தச்சனைப் பற்றி ஏன் பழமொழி இல்லை? கொள்முதலுக்குப் போகிறவர் நான்கு மண்டி ஏறி இறங்கித்தான் சரக்கைப் பிடிக்கிறார். அவரை யாரும் வீணர் என்று சொல்வதில்லை. பார்த்ததில் தவறில்லை. பார்த்துக்கொண்டே இருந்து பொழுதைச் சாயவிட்டதுதான் தவறாக இருக்கவேண்டும். அப்படியானால் பல நாட்டம் குற்றமா, அன்றா? குற்றமென்றால் அது எந்த இடத்தில் குற்றமாகிறது? இதைத்தான் சில காலமாக நாம் யோசித்து வருகிறோம்.

நமது படிப்பு மதரஸாவும் ஆறு வகுப்புத் தமிழ்ப் பள்ளியும்தான். ஆயினும் முன்னோர் வரலாறுகளை வாசிப்பதில் விருப்பமுண்டு. (இது இன்னொரு ஆசையா என்று வாசகர்கள் நகைப்பது நமக்குக் கேட்கிறது.) இந்த விஷயத்தில் நம்மை மிகவும் சங்கடப்படுத்தியவர் இப்னு கல்தூன் அவர்கள். 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்து, 1406-இல் கெய்ரோவில் மறைந்தவர். அவரது ‘முகத்திமா’ என்ற நூலில் தொழில்களைப் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. ஒரு தொழில் ஒருவனுடைய கையிலும் மனத்திலும் ஊறிப் பழக்கமாகிவிட்டால், அதன்பின் வேறொரு தொழிலில் அவன் அதே தேர்ச்சியை அடைவது அரிது என்பது அங்கே அவர் கருத்து. தையற்காரனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்: தையல் நன்றாக ஊறிப்போனவன் பிறகு நல்ல தச்சனாகவோ கொத்தனாகவோ ஆவதில்லையாம். கல்வியாளருக்கும் இதுவே கதி என்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய், மாணவனுக்கு ஒரே சமயத்தில் இரண்டு கலைகளைக் கற்பிக்கக்கூடாது, மனம் இரண்டுக்கும் பங்காகிப் போய் இரண்டுமே விளங்காமற் போகும் என்றும், பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே நெடுநாள் இடைவெளி விட்டால் முன்னது மறந்துபோகும் என்றும் சொல்கிறார். நமது கிட்டங்கியின் மூலையை அவர் நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கிறது.

ஆனால் இதை எழுதிய மனிதர் யார்? தூனிஸிலும் பாஸ் நகரிலும் அரசாங்க ஊழியர். ஏறக்குறைய இரண்டு வருஷம் சிறையிலிருந்தவர். கிரானடா அரசரின் தூதராக 1364-இல் செவில் நகருக்குப் போய்க் கிறிஸ்தவ மன்னரைக் கண்டவர். எகிப்தில் மாலிக்கி மத்ஹபின் காஜியாக ஆறு முறை நியமனம் பெற்றவர். 1401-இல் டமாஸ்கஸ் நகருக்கு வெளியே தைமூரின் கூடாரத்தில் உட்கார்ந்து பேசியவர். ஒரு தொழிலுக்கு மேல் தேறுவது கடினம் என்று சொன்னவருக்கே இத்தனை தொழில்! இதைப் படித்தபோது நமக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? பெரியவரே இப்படியென்றால் நமக்கென்ன என்று நினைத்தோம். மேலும் படித்தபோது அந்த மகிழ்ச்சி குறைந்துவிட்டது. 1375-இல் அவர் அரசியலை உதறிவிட்டு, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டை என்ற ஒதுக்குப்புறத்தில் போய் அடங்கினார். அங்கேதான் 1377-இல், ஐந்தே மாதத்தில், முகத்திமாவின் முதற் பிரதியை முடித்தார். சபைகளில் சுற்றியதெல்லாம் அந்த ஐந்து மாதத்துக்கு வேண்டிய சரக்காயிற்று. சபைகளிலேயே இருந்திருந்தால் சரக்கு மட்டும்தான் இருந்திருக்கும். கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்தியதுதான் அவருடைய வியாபாரம்.

இப்னு ஸீனா அவர்களுக்கு அந்தக் கோட்டையும் கிடைக்கவில்லை. 980-இல் புகாரா அருகே பிறந்தவர். இந்திய முறைக் கணக்கை அவர் முதலில் கற்றது ஒரு காய்கறி வியாபாரியிடம் என்று தம் வரலாற்றில் அவரே சொல்கிறார். நம்மவர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அரிஸ்டாட்டிலின் தத்துவ நூலொன்றை 40 தடவை படித்தும் விளங்காமல் கைவிட்டதும், பிறகு புத்தகக் கடைத்தெருவில் ஒருவர் வற்புறுத்தியதால் 3 திர்ஹம் கொடுத்து வாங்கிய அல்பாராபியின் சிறுநூல் அந்தப் பூட்டைத் திறந்ததும் அவர் சொல்லும் செய்திகளே. நடுவயதில் ஹமதான் நகரில் மந்திரி வேலை. பகலெல்லாம் அரசருடைய அலுவல். ஆகவே மாணவர்கள் இரவில் அவர் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் தத்துவ நூலான ‘ஷிபா’விலிருந்து வாசிப்பார், முறை வந்ததும் இன்னொருவர் மருத்துவ நூலான ‘கானூனி’லிருந்து வாசிப்பார் என்று அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி எழுதி வைத்திருக்கிறார். முறை வந்ததும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே இரவில் இரண்டு நூல்கள்தாம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரவில்லை.

நமது மண்ணுக்கு அருகில் வந்தால் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ் (1796–1854). அவருடைய முப்பாட்டனார் யமனிலிருந்து வந்து நாகூரில் மணம் செய்து தங்கியவர். அந்த நாளில் மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள், கணக்கு வழக்குக்காகவும் அங்கு நிறைந்திருந்த இந்திய வணிகருடன் பேசுவதற்காகவும் தமிழ் கற்றார்கள், அப்துல்லாஹ்வும் கற்றார். மலாய் சொல்லிக் கொடுத்தார், கடிதம் எழுதினார், மொழிபெயர்த்தார், அச்சு வேலையும் பழகினார். எண்ணிப் பார்த்தால் நம் கிட்டங்கியை விட நீளமான பட்டியல். ஆனால் அத்தனைக்கும் அடியில் எழுத்து என்ற ஒரே கயிறு ஓடுகிறது. நம்முடைய கடிகாரத்துக்கும் சீனத்துக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே ஓடும் கயிறு எது என்று தேடிப்பார்த்தோம். அகப்படவில்லை.

நிற்க. பெரியோர் கதையை வைத்து நம் கதையைத் தீர்த்துக்கொள்ள முடியாது. நமக்குத் தெரிந்தது கடை. கடையை வைத்தே யோசிப்போம். பலசரக்குக் கடை என்பதன் பொருளே பல சரக்கு என்பதுதான். நம்மிடம் மஞ்சள் உண்டு, ஊறுகாய் உண்டு, ஊதுபத்தி உண்டு, எலிப்பொறியும் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அதனால் கடை கெட்டதா? இல்லை. எத்தனை சரக்கானாலும் கல்லா ஒன்று, பேரேடு ஒன்று. எது ஓடுகிறது, எது தேங்குகிறது என்பது அந்தப் பேரேட்டில் தெரியும். தேங்கியதை விலை குறைத்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்போம். அதற்காக எந்த வியாபாரியும் வெட்கப்பட்டதில்லை. ஆகவே பல நாட்டம் கொள்வதும் சிலவற்றைக் கைவிடுவதும் அப்படியொன்றும் பாவமல்ல, பேரேடு இல்லாததுதான் நம் குறை என்ற முடிவுக்கு நாம் வந்திருந்தோம். இந்த முடிவு நமக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. சௌகரியமாக இருக்கும் முடிவைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் கொள்வது நல்லது என்பதைப் பிறகு அறிந்தோம். அதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

2018-இல் ஊரில் எங்கள் பழைய வீட்டை இடித்தார்கள். அப்போது ஒரு மரப்பெட்டியின் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நன்னி என்று நாம் அழைத்த நமது பாட்டியார் எழுதியது. அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரபுத் தமிழ் தெரியும். அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்தின் மேலும் கீழும் புள்ளி கூட்டி எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள் நம் முன்னோர். தமிழ் எழுத்து அறியாத நம் பெண்மக்கள் எத்தனையோ பேர் அந்த எழுத்தில் சரளமாக வாசித்தும் எழுதியும் வந்தார்கள். பாட்டியார் நோட்டுப் புத்தகம் 64 பக்கம். மை பல இடங்களில் மங்கியிருந்தது. நமக்குக் குர்ஆன் ஓதத் தெரிந்தும், இதை நான்கு வார்த்தை சேர்த்து வாசிக்க வரவில்லை. அரபெழுத்தில் ஒரு புள்ளி மறைந்தால் எழுத்தே மாறிவிடும் அல்லவா?

இங்கே நமக்குத் தெரிந்த ஒரு ஹஜ்ரத் இருந்தார்கள். வயது எண்பதுக்கு மேல். இளமையில் அரபுத் தமிழ் கிதாபுகளை ஓதிக் கொடுத்தவர்கள். நோட்டுப் புத்தகத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினோம். முதற் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கிதாபு இல்லை. இது ஒரு குடும்பம்” என்றார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இடிக்கும் மருந்துக்குச் சாமான் கணக்கு, அரிசி கடன் வாங்கிய வீடுகள், பாட்டனார் பினாங்கிலிருந்து அனுப்பிய தொகை, ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினம் வந்த தேதி, எல்லாம் அதில் இருந்தன. ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு நாம் அவர்கள் வீட்டுக்கு வருவது, அவர்கள் வாசிக்க நாம் தமிழில் எழுதிக்கொள்வது என்று பேசி முடித்தோம். 2019-இன் கடைசியில் தொடங்கி 11 பக்கம் ஆயிற்று. 2020 மார்ச் 18-இல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வயது முதிர்ந்தவர் வீட்டுக்குப் போவது சரியல்ல. நிறுத்தினோம்.

அந்த நிறுத்தம் நோயின் குற்றம். அதற்குப் பிறகு நடந்தது நம் குற்றம். மளிகைக் கடை திறக்க அனுமதி இருந்தாலும் நேரம் குறைவு. மாலைகள் ஓய்வாகக் கிடந்தன. கைப்பேசியில் எதைத் தட்டினாலும் யாராவது ஒருவர் எதையாவது கற்றுக் கொடுக்கக் காத்திருந்தார். கடிகாரமும் தொட்டிச்செடியும் நாணற்பேனாவும் அப்போது வந்தவைதாம். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, 2021-இன் இறுதியில், ஹஜ்ரத் அவர்கள் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்: இனி வரலாம் என்று. இரண்டு ஞாயிறு போனோம். மூன்றாவது ஞாயிறு ஒரு கடிகாரத்தின் பல்சக்கரம் பாதியில் இருந்தது. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தோம். அப்படி எத்தனை அடுத்த வாரம் போயிற்று என்று எண்ணவில்லை. 2022-இல் அவர்கள் மௌத்தானார்கள்.

ஜனாஸா முடிந்து சில நாட்களுக்குப் பிறகு போயிருந்தபோது அவர்களுடைய மனைவியார், வருத்தமோ கோபமோ இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னார்கள்: “ஞாயித்துக்கிழமை அஸருக்குப் பிறகு அவங்க எங்கேயும் போகமாட்டாங்க தம்பி. நீங்க வந்து திரும்பிப் போயிடக்கூடாதுன்னு.” அத்துடன் கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்த ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்கள். நம் நோட்டுப் புத்தகத்துக்காகவே வாங்கியதாம்.

சரக்கு, பேரேடு என்று நாம் கட்டி வைத்திருந்த நியாயம் அன்று அந்த வீட்டு வாசலிலேயே உடைந்தது. கடையில் இருப்பதெல்லாம் நம் சொந்தச் சரக்கு அல்லவே! விற்றுக் கொடுங்கள் என்று பிறர் நம்பிக் கொடுத்துப் போன சரக்கும் இருக்கும். சொந்த மஞ்சளைப் பூச்சி அரித்தால் நம் நஷ்டம். பிறர் வைத்துப் போனதைப் பூச்சி அரித்தால் அது வேறு கணக்கு. நம்மவர் அதற்கு அமானிதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருவர் தாமாகவே ஒரு கலையைத் தொட்டு, தாமாகவே விடுவது சொந்தச் சரக்கு. அதில் இன்னொருவருடைய நேரமோ பொருளோ எதிர்பார்ப்போ வந்து சேர்ந்த மறுகணம் அது அமானிதமாகி விடுகிறது. எத்தனை ஆசை வைக்கலாம் என்பது நாம் நினைத்த கேள்வி. அந்த ஆசைகளுக்காக யார் யார் காத்திருக்கிறார்கள் என்பதை நாம் கேட்கவே இல்லை.

அன்றிரவு ஒரு புதுச் சிட்டை எடுத்துப் பாதியில் விட்ட காரியங்களையெல்லாம் எழுதினோம். ஒரு பக்கம் நம்முடையவை, மறு பக்கம் அமானிதம். அமானிதப் பக்கம் காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். முதல் வரியிலேயே ஏமாந்தோம். பிரித்துப் போட்ட 3 கடிகாரங்களில் ஒன்று பக்கத்துக் கடைச் சீனருடைய தகப்பனார் கட்டியிருந்தது. நாம் பழகுகிறோம் என்று தெரிந்து ஆசையாகக் கொடுத்தார். கேட்டால் நம் மனம் நோகும் என்று ஒரு வருஷமாகக் கேளாமலே இருந்தார். அதை மறுநாளே உண்மையான கடிகாரக்காரரிடம் கொண்டுபோய், 85 வெள்ளி கொடுத்துப் பூட்டச் செய்து, நடந்ததைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பேசி வழியே அரபு இலக்கணம் நடத்திய ஆசிரியருக்கு, இனி வர இயலாது என்று ஒரு வரி எழுதினோம். அதற்கு முன் ஏழு மாதம் சொல்லாமலே நின்றிருந்தோம். விடுவதென்றால் சொல்லிவிட்டு விடவேண்டும் என்பது சிறு விஷயந்தான். ஆனால் நம்மைப் போன்றவர்கள் தவறுவது அங்கேதான். விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள மனம் வராததால், தொடரப் போகிறோம் என்று நம்மையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு காரியமும் செய்தோம். வியாபாரப் பழக்கத்தால் எதற்கும் ரசீதை வைத்திருப்பது நமது வழக்கம். அந்த ஆசைகளுக்கு வாங்கிய சாமான்களின் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். பக்கத்திலே, முந்தைய காரியம் எந்த இடத்தில் நின்றது என்று எழுதினோம். அப்போது ஒன்று புலனாயிற்று. சீனப் பாடத்தில் ஒலியின் ஏற்ற இறக்கம் நாவில் வராமல் திணறிய அதே வாரம் வெண்பா இலக்கணம் வாங்கியிருக்கிறோம். வெண்பாவில் தளை தட்டிக்கொண்டே இருந்த நாட்களில் மண் தொட்டிகள் வந்திருக்கின்றன. ஹஜ்ரத் அவர்களிடம் கடைசியாகப் போன இரண்டு ஞாயிறும் 12-ஆம் பக்கத்தில் புள்ளிகள் மங்கி, ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்கடுத்த சனிக்கிழமை கடிகாரப் பெட்டிக்கு இன்னும் சில ஆயுதங்கள் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. ஆக, நமக்குப் பல ஆசைகள் என்று பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லிக்கொண்டு வந்ததில் பாதி பொய். புது ஆசை என்று நாம் நினைத்தது பெரும்பாலும் பழைய கஷ்டத்திலிருந்து தப்பி ஓடும் வழி. ஒரு காரியம் இனிப்பாக இருக்கும் வரை வேறெதுவும் நம்மை இழுக்கவில்லை. அது கசக்கத் தொடங்கும் நாளில்தான் உலகம் முழுவதும் சுவாரஸ்யமாகத் தெரிகிறது.

எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டோம். சிலருக்கு நாட்டம் உண்மையிலேயே அகலமானது. ஆனால் நம்மைப் போன்றவர் யாரேனும் இதை வாசித்தால், தம் ரசீதுகளை எடுத்துப் பார்க்கட்டும். கடைக்காரர்களுக்கு இது கஷ்டமான காரியமல்ல.

இப்போது நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். அந்த நோட்டுப் புத்தகத்தை முடிக்கும் வரை புதிதாக எதையும் கற்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். இப்னு கல்தூன் அவர்கள் சொன்னது புதிதாகக் கற்கும் மாணவனுக்கு. ஊறிப்போன பழக்கத்துக்கு அந்தத் தடையில்லை என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆகவே பத்திரிகை வாசிப்பதையும், இது போல எப்போதாவது எழுதுவதையும் விடவில்லை. அரபுத் தமிழ் எழுத்தை நாமே கற்கத் தொடங்கினோம். சுபுஹு தொழுதுவிட்டு வந்து கடை திறக்கும் வரை 40 நிமிஷம் கிடைக்கிறது. கைப்பேசி கீழே கல்லாப் பெட்டிக்குள் இருக்கும். நாம் மேலே மூட்டைகளுக்கு நடுவே, பூதக்கண்ணாடியோடு. நாளுக்கு அரைப் பக்கம் என்று நினைத்தோம். நடப்பது நாலைந்து வரி. வெள்ளிக்கிழமை கிடையாது. நோன்பு மாதத்தில் கடை வேலை மிகுந்து 20 நாள் தொடாமலே போயிற்று. திரும்ப உட்கார்ந்தபோது பெரியவர் சொன்ன இடைவெளியின் நஷ்டம் நன்றாகவே விளங்கிற்று. ஒரு வாரம் பழைய பக்கங்களையே புரட்டவேண்டியிருந்தது.

அலுப்பு வருவதில்லையா என்று ஓர் இளம் நண்பர் கேட்டார். வருகிறது, கொட்டாவியோடு வருகிறது. ஆசை இருந்தால்தான் எதிலும் உயிர் இருக்கும், கட்டாயத்தில் செய்வது கூலி வேலையாகிவிடும் என்றார் அவர். அவர் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் தினந்தோறும் கடை திறக்க நமக்கு ஆசையா இருக்கிறது? மழை பெய்யும் விடியற்காலையில் சுபுஹுக்கு எழுந்திருக்க எல்லாருக்கும் ஆசையா இருக்கிறது? திறந்து உட்கார்ந்த பிறகு சில நாள் ஆசை வருகிறது, சில நாள் வருவதில்லை. மதரஸாவில் சிறுவயதில் சொல்லிக் கொடுத்தார்கள்: லுஹருக்கு வேறு நிய்யத், அஸருக்கு வேறு நிய்யத், இரண்டையும் ஒரே நிய்யத்தில் தொழ முடியாது என்று. நாளில் ஐந்து வேளை இருக்கிறது. ஒரு வேளையில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பாடத்தைத் தொழுகைக்கு மட்டும் உரியதென்று நினைத்துக்கொண்டு நாற்பது வருஷம் கழித்தோம்.

ஒன்றில் மட்டும் நம் மனம் இன்னும் சமாதானமாகவில்லை. அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கவேண்டும். சீனருடைய கடிகாரத்தைச் சேர்த்துவிட்டோம். ஹஜ்ரத் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளை யாரிடம் சேர்ப்பது? நோட்டுப் புத்தகத்தை முடித்துவிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும் என்று சில நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். தீராது என்றே நமக்குத் தோன்றுகிறது. பேரேட்டில் சில பாக்கிகள் எழுதியபடியே இருக்கும். முடித்ததும் ஒரு பிரதியை அவர்கள் மனைவியாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். “வரும்போது வாங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்கள்.

இன்றைய தேதிக்கு 31-ஆம் பக்கத்தில் நிற்கிறோம். பாட்டனார் இங்கிருந்து பெட்டியில் அனுப்பிய சாமான்களின் பட்டியல் அது. குடை ஒன்று, சவுக்காரம், பிஸ்கோத்து டின் இரண்டு வரை தெளிவாக இருக்கிறது. அதன் கீழே இரண்டு வார்த்தைகள். தமிழாகவும் படவில்லை, அரபியாகவும் படவில்லை, மலாயோ என்னவோ. ஒன்பது நாளாகப் பார்க்கிறோம். வாசகர்கள் வீட்டில் அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்த பெண்மக்கள் எவரேனும் இருந்தால், சங்கத்துச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். அவர்களுக்கு எந்த நாள், எந்த நேரம் தோதுப்படுமோ அந்த நேரத்தில் நோட்டுப் புத்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நாமே வருகிறோம்.